ஊர் என்று நான் போட்ட பெயர்

யானை வந்தால் ஊரை எழுப்பும் எங்கள் குழுவின் சேர்வர் கணினி இனி உங்கள் இருவரின் பொறுப்பு. கடவுச்சொற்களைத் தந்துவிட்டேன். பிரதி எடுப்பது, புதிய ஆளைச் சேர்ப்பது, மின்சாரம் போய் வந்தால் எதை முதலில் பார்ப்பது என்பதெல்லாம் செய்து காட்டினேன். நீங்கள் என்னைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டீர்கள். அவற்றைப் பற்றி இதில் ஒன்றும் எழுதப் போவதில்லை. இது வேறு. இதை நேரிலேயே சொல்லிவிடலாம் என்று உங்களை இருத்திவைத்துக் கதையைத் தொடங்கினேன். ஒவ்வொரு தடவையும் பாதியில் வேறு கதைக்கு மாறிவிட்டேன்.

வேலையை விட்டுப் போகிறவர் புதிதாக வருகிறவர்களுக்கு அனுபவம் சொல்வதென்றால் ஆளுக்குக் கொஞ்சமாவது நரைத்திருக்க வேண்டும். எனக்கு இன்னும் கலியாணமே ஆகவில்லை. வவுனியாவில் வேலை கிடைத்திருக்கிறது, போகிறேன், அவ்வளவுதான். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் கடவுச்சொல்லை மட்டும் தந்துவிட்டுப் போனால் அது எனக்கே பொறுக்காது.

நாங்கள் பெரிய கம்பனியின் தளத்தை விட்டு ஏன் வந்தோம் என்பது உங்களுக்குப் பாதிதான் தெரியும். அப்போது நீங்கள் பள்ளிக்கூடத்தில். மாரியில் விதைத்த காலபோக நெல் கதிர் கட்டும் குடலைப் பருவத்துக்கு வந்தால் யானையும் வரும். காட்டோரத்தில் யார் முதலில் கண்டாலும் கம்பனியின் தளத்தில் நாங்கள் வைத்திருந்த குழுவில் எழுதுவார்கள். எந்தப் பக்கம் நிற்கிறது, கன்று கூட நிற்கிறதா, யாரிடம் யானையை விரட்டும் யானை வெடி இருக்கிறது, எல்லாம் அதில் வரும். நன்றாகத்தான் நடந்தது. ஒருநாள் குழுவையே காணவில்லை. "வெடி கொண்டு ஓடி வாங்கோ, ஆத்துப் பக்கம் ரெண்டு நிக்குது" என்ற வசனத்தைக் கம்பனியின் இயந்திரம் தனக்குத் தெரிந்த விதத்தில், குண்டு என்று விளங்கிக்கொண்டது. நான் ஆங்கிலத்தில் முறையீடு எழுதினேன். அகராதியை வைத்துக்கொண்டு எழுதினேன். மீளாய்வு செய்தோம், நீங்கள் விதியை மீறியது உண்மைதான் என்று பதில் வந்தது.

சனசமூக நிலையத்தில் கூட்டம் போட்டார்கள்.

"இனி வெடி எண்டு எழுதாதேங்கோ. பட்டாசு எண்டு எழுதுங்கோ" என்றார் நிலையத் தலைவர்.

"பட்டாசெண்டா யானை தீபாவளிக்கு வந்த மருமோன் மாதிரி இருந்து சாப்பிட்டுட்டுத்தான் எழும்பும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கூட்டம் சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. முந்தின கிழமை யானை போனது அவருடைய வயலால்.

அப்போதுதான் நான் எழும்பி, கம்பனி இல்லாத தளங்களைப் பற்றிச் சொன்னேன். ஒவ்வொரு கூட்டமும் தன் சேர்வரைத் தானே வைத்திருக்கும், எங்கள் சேர்வரில் எங்கள் சட்டம், வெடி என்று எழுதினால் எவனும் கேட்க முடியாது, ஆனால் மற்ற சேர்வர்களில் இருப்பவர்களோடும் கதைக்கலாம் என்று விளக்கினேன். "வீட்டுக்கு வீடு தனிக் கிணறு. நிலத்துக்குக் கீழ தண்ணி ஒண்டு" என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். அந்த உவமை எனக்கே நன்றாகப் பிடித்துப்போனது. ஒரு கிணற்றில் விழுந்தது மற்றக் கிணறுகளுக்கும் ஊறும் என்பதும் அதற்குள்ளேயே இருந்தது. சொன்ன எனக்கு அது கேட்கவில்லை.

கூட்டத்தின் ஓரத்திலிருந்து லெட்சுமி அக்கா ஒரு கேள்வி கேட்டார். "எழுதினது பிழையாப் போச்சுன்னா அழிக்கலாமா தம்பி?"

"ஓம் அக்கா. எங்கட சேர்வர்தானே. நாங்கள் அழிச்சா அழிஞ்சதுதான்."

லெட்சுமி அக்காவை உங்களுக்குத் தெரியும். ஆற்றுப் பக்கம் கடைசிக் காணி. மனுசன் கிளிநொச்சியில் மேசன் வேலை, கிழமைக்கு ஒருக்கால் வருவார். அக்கா மகளோடு இருக்கிறார், நாட்கூலிக்கு வயல் வேலைக்குப் போவார். அவருடைய தாய் தகப்பன் மலையகத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள். எங்கள் அப்பப்பா யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்தவர். இரண்டு குடும்பமும் வெளியிலிருந்து வந்ததுதான். ஆனால் "வந்த சனம்" என்று எங்கள் ஊரில் சிலர் சொல்வது அவர்களைத்தான். எங்களை அல்ல. இதை நான் சிறுவயது முதல் கேட்டே வளர்ந்தேன். அதில் ஏதோ இடிக்கிறது என்று நினைத்ததுகூட இல்லை.

சேர்வர் வந்தது. எல்லாரும் வரவில்லை. பாட்டும் வீடியோவும் இல்லாத இடத்தில் என்ன வேலை என்று பாதிப் பெடியள் கம்பனியிலேயே நின்றுவிட்டார்கள். பழுது வந்தால் முறையிட ஓர் அலுவலகம் இல்லை. நான்தான் அலுவலகம். நான் வயலில் நின்றால் அலுவலகம் வயலில் நிற்கும். ஆனாலும் நல்லதும் நடந்தது. எங்களைப் பார்த்துப் புளியங்குளம் பக்கத்தில் ஒரு கூட்டம் தங்களுக்கென்று ஒரு சிறிய சேர்வர் தொடங்கினார்கள். அந்தப் பக்கக் காட்டிலிருந்து யானை வெளிக்கிட்டால் அவர்கள் எழுதுவது எங்கள் திரையிலும் வரும். யாரிடமும் அனுமதி கேட்காமல் இரண்டு ஊர் ஒன்றையொன்று விழிப்பாக வைத்திருந்தன. இதற்காகத்தான் இந்த ஏற்பாட்டை நான் இன்னும் நம்புகிறேன். நீங்களும் நம்பலாம்.

இனிப் பெயர் வைத்த கதை.

மென்பொருளோடு வந்த தமிழ் எங்கேயோ, யாரோ, யாருக்காகவோ செய்த தமிழ். ஒரு பக்கத்துக்கு "உள்ளகக் காலவரிசை" என்று பெயர். அடுத்ததற்குக் "கூட்டாட்சிக் காலவரிசை". சனசமூக நிலையத்தில் திறந்து காட்டியபோது தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"கூட்டாட்சியெண்டால் சமஷ்டிதானே?"

"ஓம்... அப்பிடியும் சொல்லலாம்."

"அட, எத்தினை வருசமா அரசாங்கத்திட்டக் கேட்ட சமஷ்டி போனுக்குள்ள வந்திட்டுது, எங்களுக்கொருத்தரும் சொல்லேல்லைப் பாருங்கோவன்!"

அன்றைக்குச் சிரித்து முடியவில்லை. நான் வீட்டுக்கு வந்து எல்லாச் சொற்களையும் மாற்ற உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிப்படிப்பை முடித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்து வைக்குமளவுக்குத்தான் எழுத்து வரும். ஊர்ச் சனம் முழுவதும் வாசிக்கப்போகும் சொற்களை நான் தெரிவுசெய்கிறேன் என்பது எனக்குச் சின்ன விசயமாக இருக்கவில்லை. உள்ளகக் காலவரிசைக்கு "ஊர்" என்று போட்டேன். வெளிச் சேர்வர்களில் எழுதுவதும் சேர்ந்து வரும் மற்றதற்கு "உலகம்". இரண்டே சொல். பார்த்த எல்லாருக்கும் உடனே விளங்கியது. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "ஊர், உலகம். நல்லாயிருக்கு" என்றார்.

உடனே விளங்கியதுதான் கேடு. அந்தப் பக்கத்தில் எங்கள் சேர்வரில் உள்ளவர்கள் எழுதியவை தெரியும். எங்கள் ஆட்கள் எழுதியது என்பதுதான் அந்தப் பக்கத்தின் பொருள். எங்கள் ஆட்கள் மட்டும் வாசிப்பது என்பதல்ல. அங்கே எழுதும் ஒவ்வொன்றும் உலகத்துக்கும் போகும். எனக்கு இது தெரியும். தெரிந்ததனால்தான் இன்னொருவருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பது தோன்றவில்லை. "ஊருக்குள்ள ஒரு கதை" என்றால் எங்கள் சனத்துக்கு அது எங்கே நிற்கும் கதை என்று ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைத்தான் அந்தச் சொல்லால் நான் கடன் வாங்கினேன், அவர்களுக்குச் சொல்லாமல்.

லெட்சுமி அக்கா ஊர்ப் பக்கத்தில் நிறைய எழுதினார். காட்டுக்கு முதல் வீடு அவருடையது. "கொம்பன் ஒண்ணு, குளத்துப் பக்கம் போவுது." "மூணு நிக்குது, குட்டி இருக்கு, வெடி போடாதீங்க, வெளிச்சம் மட்டும் காட்டுங்க." அவர் எழுதினால் யாரும் இரண்டாவது ஆளைக் கேட்பதில்லை. கூட்டங்களில் ஓரத்தில் இருக்கிற மனுசி அந்தப் பக்கத்தில் நடுவில் இருந்தார். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது, நான் ஏதோ செய்துவிட்டேன் என்று.

ஒரு காலையில் யானையைப் பற்றி அல்லாமல் ஒன்று எழுதினார். ஆற்றில் களவாக மணல் அள்ளும் ட்ரக்டர்கள் பாதைக்காக யானை வேலியின் கம்பியை அறுத்துவிட்டுப் போகின்றன, திரும்பக் கட்டுவதில்லை. குசினி யன்னலால் எடுத்த படமும் போட்டிருந்தார். அறுந்த கம்பி, அதைத் தாண்டும் ட்ரக்டர், ட்ரக்டர் இழுக்கும் பெட்டியின் பின்னால் இலக்கம். கீழே ஒரு வரி: "வேலிய வெட்டுறது இவனுங்க. யானைய குத்தம் சொல்லி என்ன செய்ய."

ஊரே பாராட்டியது. இத்தனை நாள் வேலி எப்படி அறுகிறது என்று எங்களுக்குள் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம். நானும் பாராட்டினேன். பாராட்டியதோடு நிற்காமல் பகிர்ந்தும் விட்டேன். படத்தின் விளிம்பில் அவருடைய யன்னல் சட்டமும், அதில் கட்டியிருந்த மகளின் சிவப்பு ரிபனும் தெரிந்தன. அந்த வீட்டைத் தெரிந்த எவனுக்கும் வேறு விலாசம் தேவையில்லை.

எங்கள் ஊரிலிருந்து வெளிநாடு போன ஒருவர் வேறொரு சேர்வரில் இருக்கிறார். நல்ல மனசுக்காரர். என் பகிர்வைக் கண்டு, கொதித்து, ஊர்ப் பெயரோடு தானும் பகிர்ந்தார். அங்கிருந்து யாரோ அதைப் படமாகப் பிடித்துக் கம்பனித் தளத்துக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த நாள் காலை தலைவர் அழைத்தார்.

"டேய் தம்பி, லெட்சுமியின்ர படம் அடுத்த ஊரில எல்லாற்ற போனிலையும் நிக்குது. ட்ரக்டர்காரன்ர கையிலையும் நிக்குது. ஊருக்குள்ள எண்டெல்லோ நீ எழுதி வச்சிருந்தனீ?"

எங்கே பிழைத்தது என்று அந்தக் கணத்திலேயே விளங்கிவிட்டது. அதற்கடுத்து நான் செய்ததைத்தான் உங்களுக்கு எழுத வேண்டும் என்று இவ்வளவு தூரம் வந்தேன்.

நான் லெட்சுமி அக்காவை அழைக்கவில்லை. பதிவை அழிக்கவும் இல்லை. முதலில் மொழிபெயர்ப்புக் கோப்பைத் திறந்து "ஊர்" என்ற சொல்லை எடுத்துவிட்டு, "எங்கள் பயனர்களின் பொதுப் பதிவுகள்" என்று போட்டேன். சேமித்தேன். திரையைப் புதுப்பித்து, மாறிவிட்டதா என்று பார்த்தேன். பிறகுதான் பதிவை அழித்தேன். பிறகுதான் சைக்கிளை எடுத்தேன்.

இன்னொருவர் இதே பிழையில் விழக்கூடாது என்பதற்காக மாற்றுகிறேன் என்றுதான் எனக்கு நானே சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் யாராவது போனைத் திறந்து பார்த்தால் எல்லாம் சரியாக எழுதியிருக்கும், படித்த பெடியன் பிழை விடவில்லை என்று தெரியும் என்பதும் அதற்குள் இருந்தது. நெருக்கடியில் உங்கள் கை முதலில் எதைத் தொடுகிறதோ அதைத்தான் நீங்கள் காப்பாற்ற நினைத்தீர்கள். வேறு விளக்கம் சொன்னால் நம்பாதீர்கள். நீங்களே உங்களுக்குச் சொன்னாலும் நம்பாதீர்கள்.

அவருடைய வேலிப் படலை சாத்தியிருந்தது. மகள் பள்ளிக்கூட உடுப்போடு உள்ளே கதிரையில் இருந்தாள். அக்கா முற்றத்தில் நின்றார்.

"வந்தானுங்க தம்பி. இறங்கல. இஞ்சினை நிறுத்தாம படலைக்கிட்ட நின்னுட்டுப் போனானுங்க. இவளை எப்பிடி நான் ரோட்டுல விடுறது?"

நான் இரக்கப்பட்டு ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். என் வாயில் வந்தது இதுதான்: "அக்கா, அது பொதுவான பக்கம். எல்லாருக்கும் தெரியுமெண்டு அதிலயே எழுதியிருக்கு."

அவர் போனை எடுத்தார். திறந்து, விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். "எங்கள்... பயனர்களின்... பொதுப்... பதிவுகள்."

போனிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "நேத்து இதுல ஊர்னுதானே தம்பி இருந்துச்சு?"

நான் சைக்கிளை வேலியில் சாத்தினேன்.

"மாத்திட்டு வந்தீங்களா? இல்ல, இனிமேத்தான் மாத்தணும்னு சொல்ல வந்து, அதுவா மாறிருச்சா?"

"மாத்திட்டு வந்தனான் அக்கா."

"ம்."

உள்ளேயிருந்து மகள், "அம்மா, அழிக்கச் சொல்லுங்க" என்றாள்.

"அழிச்சிட்டன் தங்கச்சி."

"அப்ப இனி எங்கயும் இல்லையா?" இது அக்கா.

"எங்கட சேர்வரில இல்லை. மற்ற இடங்களுக்கும் அழிக்கச் சொல்லிப் போயிருக்கு."

"யார்கிட்ட சொல்லிருக்கு?"

"மற்ற சேர்வர்காரரிட்ட."

"அவங்க யாரு?"

"தெரியாது அக்கா."

கூட்டத்தில் அவர் அழிக்கலாமா என்று கேட்டதற்கு நான் சொன்ன பதிலை அவர் நினைவுபடுத்தவில்லை. நினைவுபடுத்தியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

அன்றைக்கு முழுவதும் மற்ற சேர்வர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பெரும்பாலானவை சொன்னபடி அழித்திருந்தன. ஒன்று அழிக்கவில்லை. அதை நடத்துபவருக்கு எழுதினேன், பதில் இல்லை. தொடக்கத்தில் எனக்குச் சந்தேகம் தீர்த்துவைத்த ஒருவர் இருக்கிறார். ஏதோ ஒரு நாட்டில் ஒரு சேர்வர் நடத்துகிறார். பெயரும் தெரியாது, முகமும் தெரியாது. அவரிடம் கேட்டேன். அந்தச் சேர்வரைச் சொந்தக்காரர் கைவிட்டுப் பல காலம், இயந்திரம் மட்டும் ஓடுகிறது, அழிக்கும் கட்டளையை ஏற்கும் பகுதி அதில் பழுது, திருத்த ஆளில்லை என்று எழுதினார். "அழிக்கச் சொல்லிக் கேட்கலாம். அழியும் என்று மட்டும் எவருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதே. கொடுத்துவிட்டாயா?" என்று முடித்திருந்தார். அந்தக் கடைசிக் கேள்விக்கு நான் இன்றுவரை பதில் எழுதவில்லை.

வெளிச் சேர்வர்களோடு உள்ள தொடர்பை முழுவதும் துண்டித்தால் என்ன என்றும் யோசித்தேன். துண்டித்தால் போனது திரும்பி வராது. ஆனால் புளியங்குளத்தார் எழுதுவது எங்களுக்கு வராமல் போய்விடும். நெல் கதிர் தள்ளியிருந்த நேரம். தலைவரிடம் கேட்டேன். "ஓராளுக்காண்டி முழு ஊரையும் கண்ணைக் கட்டி விடுறதோ?" என்றார். துண்டிக்கவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அது சரியான முடிவு என்றுதான் சொல்வேன். ஆனால் அந்தச் சரியான முடிவு எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொடர்பு நின்றிருந்தால் ஏன் நின்றது என்று ஊர் கேட்டிருக்கும்.

பிறகு ட்ரக்டர்காரர் ஆள் அனுப்பினார். கோபமாக ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. தான் பிழையாகப் பார்த்துவிட்டதாக அந்த மனுசி அதே இடத்தில் எழுதினால் போதும், அதோடு கதை முடிந்தது என்றாராம். சனசமூக நிலையத்தில் ஒரு சின்னக் கூட்டம். லெட்சுமி அக்காவை யாரும் கூப்பிடவில்லை.

"பொலிசில சொல்லுவம்" என்றார் ஒருவர்.

"சொன்னா சாட்சி ஆர்? படம் எடுத்த ஆள்தானே சாட்சி. அவளைத் திருப்பியும் முன்னுக்கு விடுறதோ?" என்றார் தலைவர். அதில் நியாயம் இருந்தது. பிறகு, வேட்டியைச் சரிசெய்துகொண்டே, "எங்கட ஊர்ப் பிள்ளையெண்டால் நாங்கள் எல்லாரும் போய் நிண்டிருப்பம். இது வந்த சனம். நாங்கள் ஏன் இதுக்குள்ள இறங்கவேணும்" என்றார்.

ஒருவரும் மறுக்கவில்லை. நான் ஊர் என்று பெயர் வைத்த இடத்தில்தான் அவர் நம்பி எழுதினார், அதை நானே வைத்தேன் என்று சொல்ல அங்கே ஓர் ஆள் இருந்தான். அவன் கதிரையின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ போய்ச் சொல்லு தம்பி. நீதானே எழுத்து வேலைக்காரன்."

போனேன். மறுக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நீங்கள் இந்த வேலைக்கு வந்திருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன்: ஒரு சேர்வரை வைத்திருப்பவனிடம் யாரும் துவக்கைக் காட்டி எதையும் செய்விப்பதில்லை. நீதானே எழுத்து வேலைக்காரன் என்று தோளில் தட்டிச் செய்விப்பார்கள். அந்தத் தட்டு இதமாக இருக்கும்.

அக்கா மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை வாளியைக் கீழே வைக்கவில்லை.

"அப்பிடி எழுதுனா இவ பள்ளிக்கூடம் போகலாமா?"

"ஓம் அக்கா. இனி ஒருத்தரும் வரமாட்டினம்."

"அத நீங்க சொல்றீங்களா, அவங்க சொன்னாங்களா?"

"அவை சொன்னவை."

"அப்ப சரி." இடுப்பில் கையைத் துடைத்துக்கொண்டு போனை நீட்டினார். "நீங்களே எழுதுங்க தம்பி. உங்க தமிழ் நல்லா இருக்கும்."

எழுதினேன். நன்றாகவே எழுதினேன். "வேலி முன்பே அறுந்திருந்தது. அந்த வழியால் சென்ற வாகனத்தைத் தொடர்புபடுத்தி நான் பிழையாகக் கண்டுவிட்டேன். மனம் வருந்துகிறேன்." அவர் பேச்சில் வராத சொற்கள். அவருடைய பெயருக்கும் படத்துக்கும் கீழே நின்றன. வாசித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். "எனக்கு வாசிக்கத் தெரியும்" என்றார். வாசித்தார். தன் விரலாலேயே அனுப்பினார்.

அந்தப் பதிவு எங்கும் தடைப்படவில்லை. அழிக்கும் கட்டளைக்கு மசியாத அந்தக் கைவிட்ட சேர்வரும் மன்னிப்பை உடனே வாங்கி வைத்துக்கொண்டது. இப்போதும் அங்கே இரண்டும் மேலும் கீழுமாக நிற்கின்றன. அவர் கண்டது ஒன்று. அவர் காணவில்லை என்று நான் எழுதியது ஒன்று. நான் சில வேளை போய்ப் பார்ப்பேன்.

ட்ரக்டர்காரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அவருடைய ஆட்கள் அந்தப் படலைக்கு மறுபடி வரவில்லை. மகள் பள்ளிக்கூடம் போனாள், இப்போதும் போகிறாள். அதனால் நான் செய்தது சரிதானே என்று எனக்குச் சொன்னவர்கள் உண்டு. நானும் கொஞ்ச நாள் அப்படி நினைத்துப் பார்த்தேன். நினைப்பு தங்கவில்லை.

இப்போது நீங்கள் பார்க்கும் "ஊருக்கு மட்டும்" என்ற தெரிவு அதற்குப் பிறகு நான் தேடிப் பிடித்துப் போட்டது. அதில் எழுதினால் உண்மையாகவே வெளியே போகாது. போகாது என்றாலும் உள்ளே இருக்கும் எவரும் படமாகப் பிடிக்கலாம், அதையும் அதன் கீழேயே எழுதிவைத்திருக்கிறேன், எடுத்துவிடாதீர்கள். இனி நீங்கள் எந்தச் சொல்லை மாற்றினாலும், அந்தச் சொல்லைத் திரையில் விரலால் அமத்தப்போகிற ஓர் ஆளுக்குப் பக்கத்தில் போய் இருங்கள். விளங்குதோ என்று கேட்காதீர்கள். எல்லாரும் ஓம் என்றுதான் சொல்வார்கள். இதை அமத்தினால் யார் யார் பார்ப்பினம் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதில் பிழையென்றால் பிழை உங்கள் சொல்லில்.

கம்பனிக்கே திரும்பிவிடலாமா என்று நீங்கள் ஒருநாள் கேட்பீர்கள். அங்கே எங்களைத் தெரியாத ஓர் இயந்திரம் எங்களை வெளியே தள்ளியது, அதில் எங்களுக்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. இங்கே எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த ஒருவனின் கையில் எல்லாம் இருக்கிறது. அந்த ஆள் நல்லவனாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு நான் சாட்சி. அதனால்தான் இந்தப் பொறுப்பை ஒருவரிடம் தராமல் இருவரிடம் தருகிறேன். ஒருவர் சொல்லை மாற்ற ஓடினால் மற்றவர் சைக்கிளை எடுக்கட்டும்.

கடைசியாக நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அதே போகம், அறுவடைக்குக் கிட்டத்தில், ஆற்றுப் பக்கத்தால் யானை இறங்கியது. புளியங்குளத்தார் பார்க்கும் பக்கமல்ல. எங்கள் பக்கத்தில் ஒருவரும் எழுதவில்லை. விடிந்து பார்த்தால் நாலைந்து பேரின் வயல் பாய் விரித்தது போலக் கிடந்தது. எங்கள் அப்பாவின் வயலும் அதில். அப்பா வரம்பில் குந்தியிருந்தார். தலைவர்தான் கத்தினார். "அவளின்ர வீட்டடியாலதானே வந்திருக்கு! ஏன் போடேல்லை எண்டு கேட்டுக்கொண்டு வா!"

போனேன். லெட்சுமி அக்கா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். வேலியோரம் யானையின் காலடி பெரிய பெரிய குழியாகப் பதிந்து கிடந்தது. அதைச் சுற்றிக் கூட்டியிருந்தார்.

"கண்டனீங்களோ அக்கா?"

"கண்டேன்."

"அப்ப ஒரு வரி போட்டிருக்கலாமே?"

விளக்குமாற்றை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கோபம் ஒன்றும் இல்லை. ஒரு சின்னப் பிள்ளைக்கு விளக்குவது போலத்தான் சொன்னார்.

"என்னன்னு தம்பி போடுறது? நான் பிழையா பாக்குற ஆளு. எழுதியிருக்குல்ல."